ஆறு வருடம் வெள்ளவத்தையில், வாக்காளர் இடாப்பில் ஒரு நாள்கூட இல்லை

கொழும்பு வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கமாக இறங்கும் ஓர் ஒழுங்கையில், ஒரு வீட்டோடு ஒட்டிய அனெக்ஸை வாடகைக்கு எடுத்து ஆறு வருடம் இருந்தோம். மகள் நடக்கப் பழகியது அந்த ஒழுங்கையில்தான். மீன்காரருக்கு அவளுடைய பெயர் தெரியும். அரசாங்கத்துக்கு மட்டும் நாங்கள் அங்கே இருந்தது தெரியாது. தேர்தல்கள் ஆணைக்குழுவின் இணையத்தளத்தில் அடையாள அட்டை இலக்கத்தைப் போட்டுப் பார்த்தபோது, என் பெயர் சாவகச்சேரியில் அம்மா வீட்டு முகவரியில் இருந்தது. கணவரின் பெயர் ஹட்டனில். அன்றைக்கு மகளுக்கு மூன்று வயதும் ஆறு மாதமும்.

அதைப் பார்ப்பதற்கு முன்பே இரண்டு மாதமாக வீடு தேடிக்கொண்டிருந்தோம். இரண்டாவது பிள்ளை பிறந்த பிறகு அனெக்ஸின் ஒற்றை அறை போதவில்லை. பிள்ளைகள் வளர ஏற்ற இடம் எது என்று எல்லோரையும் கேட்டோம். முற்றம் வேண்டும், காற்று வேண்டும், பக்கத்தில் தமிழ்க் குடும்பங்கள் இருந்தால் நல்லது என்று எல்லோரும் ஒரே பட்டியலைத்தான் சொன்னார்கள். அந்தப் பட்டியலை நம்பித்தான் முதலில் வத்தளைக்குப் போனோம்.

போனது ஒக்டோபரில், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. தனி வீடு, முற்றத்தில் ஜம்பு மரம். வெள்ளவத்தையில் நாங்கள் கொடுத்த வாடகையைவிடக் குறைவு. மகள் கீழே விழுந்த ஜம்புக் காய்களைப் பொறுக்கிச் சட்டையில் கட்டிக்கொண்டாள். புறக்கோட்டைக்குப் பதினைந்து நிமிடம் என்றார் தரகர். வேறு ஆட்களும் கேட்கிறார்கள் என்று அவர் சொன்னதும் கணவர் 10,000 ரூபாய் அச்சாரம் கொடுத்துவிட்டார். துண்டு எழுதி வாங்கவில்லை. நானும் கேட்கவில்லை, என்னுடைய கண் ஜம்பு மரத்தில் இருந்தது.

புதன்கிழமை நான் தனியாகப் போனேன். அச்சாரம் கொடுக்கும் முன் செய்திருக்க வேண்டிய வேலை அது. விடிய ஐந்தரைக்குச் சந்தியில் நின்றபோது, சீருடை போட்ட பிள்ளைகள் வேனுக்காக நின்றபடியே தூங்கிக்கொண்டிருந்தார்கள். பாடசாலை தொடங்குவது ஏழரைக்கு. ஆறு மணிக்கு பஸ் ஏறிய நான் பம்பலப்பிட்டியில் இறங்கியபோது நேரம் ஏழு முப்பத்தைந்து. களனி கங்கைக்கு மேல் புதிய பாலம் 2021 இல் திறந்தாயிற்று, ஆனால் பேலியகொடையில் நிற்கும் பஸ்ஸுக்கு அதனால் என்ன பயன்?

அன்று பின்னேரம் திரும்பவும் அந்த வத்தளை வீட்டு ஒழுங்கைக்குப் போனேன். முனைக் கடையில் தேநீர் வாங்கிக்கொண்டு, கடைக்கார அம்மாவிடம் என் அரைகுறைச் சிங்களத்தில் மழைக்காலத்தில் எப்படி என்று கேட்டேன். அவர் பதில் சொல்லாமல் என்னை வெளியே கூட்டிப்போய்ச் சுவரைக் காட்டினார். என் இடுப்பளவில் மங்கலாக ஒரு கோடு. 2016 மே மாதத்து வெள்ளம். "வத்துர எனவா, துவே" (தண்ணீர் வரும், மகளே) என்றார். நாங்கள் பார்த்த வீட்டின் சுவர்களில் கீழ்ப்பாதிக்கு மட்டும் புதிதாகப் பெயின்ட் அடித்திருந்தது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. ஞாயிற்றுக்கிழமை அதை அழகு என்று நினைத்திருந்தேன்.

அச்சாரம் திரும்பி வரவில்லை. தரகரின் தொலைபேசி முதலில் எடுபடவில்லை, பிறகு வேலையே செய்யவில்லை. ஒன்பது வருடத்துக்கு முந்திய வெள்ளத்துக்கு இப்போது ஏன் பயப்படுகிறாய் என்று கணவருக்குக் கோபம். நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்தது, களனி கங்கை கரை மீறியது. அந்த ஒழுங்கைக்குள் படகு போகிறது என்று கேள்விப்பட்டோம். அதன் பிறகு அவர் 10,000 ரூபாயைப் பற்றிப் பேசவில்லை. எனக்கும் அந்தக் கடைக்கார அம்மாவை நினைத்துப் பல இரவுகள் மனம் சரியில்லை.

அந்த நாட்களில்தான் அலுவலகத்து அக்கா ஒருவர், இடாப்பில் பெயர் எங்கே இருக்கிறது என்று கேட்டார். முதலாம் தரத்துக்கு, அதாவது பாடசாலையின் முதல் வகுப்புக்கு, பிள்ளைகளைச் சேர்ப்பதில் பாதி இடங்கள் பாடசாலைக்கு அருகில் வசிப்பவர்களுக்கு. வசிப்பது என்றால் காகிதத்தில் வசிப்பது. விண்ணப்பிக்கும் வருடத்துக்கு முந்திய ஐந்து வருட வாக்காளர் இடாப்பைப் பார்ப்பார்கள். வீட்டு உறுதி அல்லது குத்தகை ஒப்பந்தம், மின்பட்டியல், நீர்ப்பட்டியல் எல்லாவற்றுக்கும் புள்ளி உண்டு. உங்கள் வீட்டுக்கும் நீங்கள் கேட்கும் பாடசாலைக்கும் இடையில் பிள்ளை சேரக்கூடிய வேறு பாடசாலை இருந்தால் புள்ளி கழியும். பிள்ளைக்கு ஐந்து வயதாகும்போது ஐந்து வருடப் பதிவு வேண்டுமென்றால், எப்போது குடிவந்திருக்க வேண்டும் என்று நீங்களே கணக்குப் பாருங்கள்.

நான் நேரே வீட்டுக்கார மாமியிடம் போனேன். ஆறு வருடத்தில் வாடகை ஒரு மாதம்கூடப் பிந்தியதில்லை, தீபாவளிக்குப் பலகாரம் கொடுத்து வாங்கியிருக்கிறோம். மாமி கதவை முழுதாகத் திறக்கவில்லை. "பெயர் போட்டால் பிறகு உங்களை எழும்பச் சொல்ல முடியாது, பிள்ளை" என்றார். 1972 ஆம் ஆண்டின் வாடகைச் சட்டத்தில் வீட்டைப் பறிகொடுத்தவர்களின் கதைகளைக் கேட்டு வளர்ந்த தலைமுறை, அவருடைய பயம் எனக்குப் புரிகிறது. சட்டப்படி பார்த்தால் வாக்காளர் பதிவுக்கு வேண்டியது வழமையாக அங்கே வசிப்பதுதான், வீட்டுச் சொந்தம் அல்ல. ஆனால் அனெக்ஸுக்குத் தனி வரிமதிப்பீட்டு இலக்கம் கிடையாது, படிவம் வருவது மாமியின் கைக்கு. மின்பட்டியலும் அவர் பெயரில், எங்களுக்கு உள்மீட்டர் மட்டும். சண்டை பிடித்தால் வெல்லலாம். வென்ற பிறகு எங்கே குடியிருப்பது?

அதற்குப் பிறகு வீடு தேடும் முறையே மாறியது. தெஹிவளையில் வாடகைப் பலகை கண்ட இலக்கங்களுக்கெல்லாம் அழைத்து முதலில் மூன்று கேள்வி கேட்டேன்: தனி வீட்டு இலக்கம் இருக்கிறதா, தனி மீட்டர் இருக்கிறதா, இடாப்பில் பெயர் போட விடுவீர்களா? அறையும் முற்றமும் நான்காவது கேள்வி. இரண்டு பேர் மூன்றாவது கேள்வியிலேயே வைத்துவிட்டார்கள். ஒருவர், வாக்கை ஊரில் போடலாம்தானே என்று அறிவுரை சொன்னார். ஒருவர் சம்மதித்து, குத்தகையை நொத்தாரிஸிடம் எழுதலாம் என்றதும் ஊருக்குப் போகிறேன், வந்து கதைக்கிறேன் என்றார். இன்னும் வரவில்லை.

கிடைத்தது ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவருடைய வீட்டின் மேல்மாடி. இலக்கம் வேறு, மீட்டர் வேறு. "பிள்ளையின் படிப்புக்குத்தானே, போடுங்கள்" என்று ஐயா ஒரே வார்த்தையில் சொன்னபோது எனக்குத் தொண்டை அடைத்தது. முற்றம் கிடையாது, குசினியில் இருவர் நிற்க முடியாது, கால்வாய் பக்கத்தில் என்பதால் நுளம்பு. வாடகை 80,000, ஆறு மாத முற்பணம். எடுத்துவிட்டோம். இடாப்புக்குக் கணக்கில் எடுப்பது பெப்ரவரி முதலாம் திகதி எங்கே வசிக்கிறோம் என்பதை. நாங்கள் சாமான் ஏற்றி வந்தது ஜனவரி 30.

கிராம உத்தியோகத்தரிடம் மூன்று தடவை போனேன். முதல் நாள் அவர் வெளிக்களத்தில். பொதுமக்களைச் சந்திக்கும் நாட்கள் கதவில் எழுதியிருந்தது, அந்தக் கதவைப் பார்ப்பதற்கே நான் அரைநாள் லீவு போட வேண்டியிருந்தது. இரண்டாம் நாள், வீட்டுக்காரரின் அடையாள அட்டைப் பிரதி இல்லை என்று திருப்பி அனுப்பினார். மூன்றாம் நாள் எல்லாம் இருந்தது, ஆனால் நீட்டிய படிவம் சிங்களத்தில். தமிழ்ப் படிவம் முடிந்துவிட்டதாம், இதிலேயே நிரப்பித் தருகிறேன், கையொப்பம் மட்டும் போடுங்கள் என்றார். நல்ல மனதோடுதான் சொன்னார் என்று நினைக்கிறேன். ஆனால் வாசிக்க முடியாத தாளில், அதுவும் இந்த விடயத்தில், நான் கையொப்பம் போடமாட்டேன். பையில் இருந்து தமிழ்ப் படிவத்தை எடுத்தேன். முதல் நாள் இரவே ஆணைக்குழுவின் தளத்திலிருந்து இறக்கி அச்செடுத்து வைத்திருந்தேன். அவர் ஒரு கணம் பார்த்துவிட்டு வாங்கிக்கொண்டார். அந்த ஒரு கணத்துக்காக மூன்று அரைநாள் லீவையும் மன்னித்தேன்.

ஊர்களில் இருக்கும் பெயரை நீக்கச் சொல்வதையும் படிவத்திலேயே குறிப்பிட வேண்டும், மறக்க வேண்டாம். ஐயாவிடம் ஒப்பந்தத்தின் இரண்டாவது மூலப்பிரதியையும் கேட்டு வாங்கிக்கொண்டேன்.

இடம் எப்படி என்று கேட்டால், அதைப் பகுதி மருத்துவ மாதுவிடம்தான் கேட்க வேண்டும். மகனின் தடுப்பூசிக்காகப் புதிய பகுதியில் பதியப் போனபோது, எந்த ஒழுங்கையில் டெங்கு வந்தது, எந்த வீட்டுத் தண்ணீர்த் தாங்கி திறந்து கிடக்கிறது, எந்த முன்பள்ளியில் பிள்ளைகளை வெயிலில் விடுகிறார்கள் என்று பத்து நிமிடத்தில் சொல்லிவிட்டார். வீடு எடுக்கும் முன்பே அவரைத் தேடிப் போயிருக்கலாம். இரவில் காய்ச்சல் என்றால் களுபோவில ஆஸ்பத்திரி பக்கத்தில், ஆட்டோவில் போய்விடலாம். மிருகக்காட்சிசாலைச் சிங்கத்தின் சத்தம் சில விடியற்காலைகளில் கேட்கிறது. மகளுக்கு ஜம்பு மரம் மறந்துவிட்டது.

அவளுடைய விண்ணப்பம் அடுத்த வருடம். இடாப்பில் ஐந்தில் ஒரு வருடம்தான் இருக்கும், கிடைக்குமா என்று தெரியாது. மகன் பிறந்தது போன ஜூலையில், அந்த வருடத்து இடாப்பிலும் நாங்கள் இல்லை. எட்டு மாதக் குழந்தைக்கே ஒரு வருடம் குறைகிறது.

போன வாரம் அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்த தங்கச்சி ஒருத்தி, பிள்ளை பிறந்ததும் தெஹிவளைப் பக்கம் வரலாமா என்று கேட்டாள். இது எத்தனையாவது மாதம் என்று கேட்டேன். ஐந்து என்றாள். கொஞ்சம் பிந்திவிட்டது என்று சொன்னேன். பகிடி என்று நினைத்துச் சிரித்தாள்.