ஆறு ரெயிலுக்கும் ஒரே கை

பூல் டேபிளுக்குத் துணி மாற்றும்போது சுற்றி நிற்பவர்கள் எல்லாரும் நடுவில் விரிக்கும் பெரிய துணியைத்தான் பார்ப்பார்கள். அது மேசையின் தளமான கற்பலகையில் சுருக்கமில்லாமல் படிந்துவிட்டால் வேலை முடிந்த மாதிரி முகம் மலரும். எனக்கு அந்தத் துணி பெரிய கஷ்டம் கொடுத்ததில்லை. கல் மட்டமாக இருந்து, நாலு பக்கமும் நிதானமாக இழுத்தால் படிந்துவிடும். என் நேரத்தைப் பெரும்பாலும் எடுத்துக்கொள்வது ஓரத்தில் இருக்கும் ஆறு ரெயில்கள்தான், அதாவது பந்து மோதித் திரும்புகிற, துணி போர்த்திய மரச்சட்டங்கள்.

கார் சீட்டும் சோபாவும் போடுகிற கடையிலிருந்து இந்த வேலைக்கு வந்தவன் நான். அந்தக் கடையில் இறுக்கம்தான் அழகு. முழு பலத்தையும் போட்டு இழுத்து அடித்தால்தான் சீட் பளிச்சென்று நிற்கும். என்னைச் சேர்த்துக்கொண்ட பெரியவர் பழைய கிளப்புகளில் பில்லியர்ட்ஸ், ஸ்னூக்கர் மேசைகளுக்குப் பச்சைத் துணி போட்டே வயதானவர். ஊட்டி கிளப்பில்தான் ஸ்னூக்கரின் விதிகள் எழுதப்பட்டன என்பதை, தன் குடும்பச் செய்தி போலப் பெருமையாகச் சொல்வார். வேலையில் நின்றதும் அவர் சொன்ன முதல் வார்த்தை இது: “தம்பி, இது சோபா இல்லை. உள்ளே இருக்கிற ரப்பர் அமுங்கி எழணும். அதை மூச்சுத் திணற வைக்காதே.”

ரெயிலின் உள்விளிம்பில் முக்கோண வாட்டத்தில் ஒரு ரப்பர் ஒட்டியிருக்கும். பூல் மேசைகளில் பெரும்பாலும் கே-66 என்கிற வகை. முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் அதன் விளிம்பை மூக்கு என்போம். பந்து அந்த மூக்கில் வந்து முட்டுகிறது, ரப்பர் அமுங்கி விரிந்து பந்தைத் திருப்பி அனுப்புகிறது. மேலே போர்த்திய துணியை அளவுக்கு மீறி இழுத்தால் மூக்கு பின்னால் அமுங்கியே இருக்கும். பந்து சுரீரென்று தெறிக்கும், வேகமாக வந்தால் துள்ளவும் செய்யும். தளர்வாக விட்டால் துணி பந்தோடு கொஞ்சம் நகரும், திரும்பும் கோணம் மாறிவிடும். ஆறு ரெயிலும் சற்று மெதுவாக இருந்தால்கூட நல்ல ஆட்டக்காரர் பத்து நிமிஷத்தில் பழகிக்கொள்வார். ஒன்று வேகமாகவும் இன்னொன்று மந்தமாகவும் இருந்தால் அவருக்குக் கணக்கே இல்லாமல் போய்விடும். அதனால்தான் ஆறையும் ஒரே ஆள் இழுக்க வேண்டும், கூடியவரை ஒரே மூச்சில் இழுக்க வேண்டும் என்று பிடிவாதமாக நிற்கிறேன். வேலை சீக்கிரம் முடியட்டும் என்று ஆளுக்கு மூன்றாகப் பிரித்துக்கொள்ளும் வழக்கம் உண்டு. எனக்கு அதில் சம்மதம் இல்லை. துணியைப் பிடித்திருக்கும் ஸ்டேப்பிள் பின்களைப் பிடுங்குவதற்கும் துணி வெட்டுவதற்கும் எத்தனை பேர் வந்தாலும் நல்லதுதான். இழுக்கும் கை மட்டும் ஒன்றாக இருக்கட்டும்.

கழற்றும் முன்னால் ஒவ்வொரு ரெயிலின் அடியிலும் எண் எழுதிவிடுவேன். மேசையில் ஆடுகளத்தின் நீளம் அகலத்தைப்போல் சரியாக இரண்டு மடங்கு. ஒன்பதடி மேசையில் ஆடுகளம் 100 அங்குலத்துக்கு 50. அதனால் ஆறு ரெயிலும் கிட்டத்தட்ட ஒரே நீளம், பார்த்தால் வித்தியாசம் தெரியாது. ஆனால் பந்து விழும் குழிகளில் நடுப் பாக்கெட் பக்க முனையின் வெட்டு வேறு, மூலைப் பாக்கெட் பக்க வெட்டு வேறு. எண் இல்லாமல் கழற்றிவிட்டுப் பிறகு தேடுவது வீண் வேலை.

பழைய பின்களைப் பிடுங்குவது அலுப்பான வேலைதான். ஆனாலும் பாதி ஒடிந்த பின்னை உள்ளே விட்டுவிட்டு மேலே போகக் கூடாது. அதன் முனை நீட்டிக்கொண்டிருந்தால் ரெயில் கல்லில் சரியாக உட்காராது, மூக்கின் உயரம் மாறிவிடும். அந்த உயரத்துக்குக் கணக்கு இருக்கிறது. பந்தின் விட்டத்தில் 63.5 சதவீதம், ஒரு சதவீதம் கூடலாம், குறையலாம். பூல் பந்து இரண்டேகால் அங்குலம், அதாவது 57.15 மில்லிமீட்டர். மூக்கு 36 மில்லிமீட்டரைச் சற்றே தாண்டி நிற்க வேண்டும். ஒரு பின் முனை இதில் விளையாடிவிடும்.

பின்கள் போனதும் மேல்பக்கம் பார்க்க வேண்டும். மெருகு போட்ட மரத்துக்கும் ரப்பர் ஒட்டிய கட்டைக்கும் நடுவில் நீளவாக்கில் ஒரு காடி ஓடும். துணியின் ஓரத்தை அந்தக் காடிக்குள் அழுத்திப் பிடித்திருப்பது ஒரு மெல்லிய மரப்பட்டி. துணியை மெதுவாக மேலே தூக்கினால் பட்டியும் கூடவே எழும்பி வரும். இந்தப் பட்டியை உடைக்காமல் எடுப்பது முக்கியம். அந்தக் காடிக்கு என்றே இழைத்த பட்டி அது, புதிதாகச் செய்தால் பொருத்துவதற்குள் பாதி நாள் போய்விடும்.

ஒரு அலுவலகத்தின் பொழுதுபோக்கு அறையில் இருந்த மேசையை எனக்கு மறக்க முடியாது. நீலத் துணியைத் தூக்கினால் அடியில் பச்சைத் துணி அப்படியே இருந்தது. எனக்கு முன்னால் வந்தவர்கள் பழையதைக் கழற்றாமல் அதன் மேலேயே புதியதைப் போர்த்தியிருக்கிறார்கள். காடிக்குள் இரண்டு துணி இருந்ததால் பட்டி இறங்கவில்லை. அதனால் பட்டியின் மேல்பக்கத்தை ரம்பத் தடம் தெரிய இழைத்துத் தள்ளியிருந்தார்கள். மூக்கின் மேல் இரண்டு கனத் துணி. அந்த மேசையில் பந்து ‘தொப்’ என்று விழுகிற சத்தம்தான் கேட்கும். ஆடுகிற பிள்ளைகள் ரப்பர் போய்விட்டது என்று நினைத்திருந்தார்கள். ரப்பரில் ஒரு குறையும் இல்லை. கட்டைவிரலால் அழுத்தினால் உடனே எழும்பியது, வெடிப்பு கிடையாது, ஒட்டு விட்ட இடமும் கிடையாது. நல்ல ரப்பரைத் தூக்கிப் போடச் சொல்கிற அளவுக்கு ஒரு துணி வேலை கெட்டுப்போகலாம் என்பதை நினைத்தால் இன்றைக்கும் வருத்தமாக இருக்கிறது.

அப்புறம் துணி. பூலுக்கு இன்று நல்ல இடங்களில் கேட்பது சிமோனிஸ் 860 போன்ற, மயிர் எழும்பாத, நெருக்கமாக நெய்த துணி. 90 சதவீதம் கம்பளி, 10 சதவீதம் நைலான். அந்தக் கம்பெனி பெல்ஜியத்தில் வெர்வியே ஊரில் 1680இல் தொடங்கியது என்று அறிந்தபோது அந்தத் துணியைத் தொடுகிற கை கொஞ்சம் பணிவாயிற்று. ஸ்னூக்கர் துணிக்கு மயிர் உண்டு, எந்தப் பக்கம் படிகிறது என்று பார்த்துப் போட வேண்டும். பூல் துணியில் அந்தத் தொல்லை இல்லை. ஆனால் நீளவாக்கில் ஒரு மாதிரியும் அகலவாக்கில் ஒரு மாதிரியும் நெகிழும். இரண்டு கையாலும் இழுத்துப் பார்த்தாலே தெரியும். ஆறு துண்டையும் ஒரே வாட்டத்தில் வெட்டி, பின்பக்கம் சாக்பீஸால் அம்புக்குறி போட்டு வைப்பேன். அகலம் ஐந்தரை, ஆறு அங்குலம் இருந்தால் கைக்குப் பிடி கிடைக்கும்.

துணி பொருத்துவது தலைகீழாகத் தொடங்கும். நல்ல முகம் கீழே பார்க்க, துணியின் பெரும்பகுதி மெருகு மரத்தின் மேல் கிடக்க, ஓரம் மட்டும் காடியைத் தாண்டி ரப்பர் பக்கம் ஓர் அங்குலம் நிற்க வேண்டும். அதன்மேல் பட்டியை வைத்து, ஒரு துண்டுக் கட்டையைக் கொடுத்து, நடுவிலிருந்து இரு பக்கமும் தட்டி இறக்குவேன். சுத்தியல் நேராகப் பட்டியில் படக் கூடாது. இரண்டு முனையிலும் இரண்டு மூன்று அங்குலத்தைத் தட்டாமல் விட்டுவிட வேண்டும், அந்த இடத்துக்கு வேறு வேலை இருக்கிறது. பழைய துணி கனமாக இருந்து புதியது மெல்லியதாக வந்தால் பட்டி தொளதொளக்கும். அப்போது பட்டியின் பக்கவாட்டில் காகித டேப் ஒரு சுற்று ஒட்டினால் பிடித்துக்கொள்ளும். மாறி வந்தால் உப்புத்தாளால் கொஞ்சம் தேய்த்தால் போதும்.

பட்டி இறங்கியதும் நீட்டிக்கொண்டிருக்கும் ஓரத்தைப் பிளேடால் நறுக்கிவிட்டு, துணியைப் பட்டிக்கு மேலாகப் புரட்டி ரப்பர் பக்கம் கொண்டுவருகிறோம். இப்போது நல்ல முகம் மேலே வந்துவிடும், பட்டி மறைந்துவிடும். ரெயிலைத் திருப்பி, நடுவில் ஒரு பிடி. பெருவிரலும் ஆள்காட்டி விரலும் மட்டும், முழங்கை சேரக் கூடாது. மூக்கின் மேல் துணி தட்டையாகும் வரை இழுத்து, அதற்கு மேல் ஒரு நூல் அளவு, அவ்வளவுதான், ஒரு பின். பிறகு இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று என்று மாறி மாறி முனை நோக்கிப் போவேன். மொபைல் டார்ச்சை மரத்தோடு ஒட்டிச் சாய்த்து வைத்தால் துணியின் நெசவு வரிகள் தெரியும். அவை மூக்குக்கு இணையாக, கோடு போட்ட மாதிரி ஓட வேண்டும். எங்கேயாவது அலை போல வளைந்தால் அந்த இடத்தில் கை கூடியிருக்கிறது. பின்னைப் பிடுங்கி மறுபடியும் இழுப்பேன். இழுக்கிற அளவைச் சொல்லிக் கொடுக்க முடியாது என்பார்கள். இந்த வெளிச்சத்தைக் காட்டிச் சொன்னால் புதிய பையன்களுக்கும் புரிகிறது.

பாக்கெட் முனைகளில்தான் துணி முதலில் கிழியும். அங்கே மூக்கின் நுனியை முதலில் பிடித்துக் கீழே இழுத்துப் பின் அடித்துவிட்டு, பிறகு முனையில் ஒட்டிய ரப்பர் தகட்டின் மேல் துணியை இறக்குகிறேன். மிஞ்சுவதை மடித்து, அந்த மடிப்பு பந்து தொடாத அடிப்பக்கம் விழும்படி நறுக்கிச் சேர்க்க வேண்டும். தட்டாமல் விட்ட பட்டி முனை இப்போது உதவும். மேல்பக்கச் சுருக்கத்தை அதன் அடியில் இழுத்து விட்டுத் தட்டிவிட்டால் வழவழவென்று உட்காரும். ஒரு ரெயிலின் மொத்த நேரத்தில் பாதி இந்த இரண்டு முனைக்கே போகிறது. போகட்டும். ஆட்டம் முடிவாவதும் அந்த வாயில்தானே.

சென்னை மாதிரி ஊரில் ஈரப்பதத்தையும் சொல்ல வேண்டும். கம்பளி ஈரத்தை இழுத்துக் கொஞ்சம் தளரும். அதனால் துணியை முந்தின நாளே அந்த அறையில் வைத்துவிடச் சொல்வேன். ஏசி ஓடுகிற அறையானால், ஆட்டம் நடக்கும்போது இருக்கும் அதே குளிரில் துணியைப் போடுவதுதான் சரி. செலவு மிச்சம் என்று ஏசியை அணைத்துவிட்டு மழை நாளில் வேலை செய்யச் சொல்லும் இடங்களில் ஒரு நாள் தள்ளி வருகிறேன் என்று சொல்லிவிடுவேன்.

மாட்டும்போது கல்லுக்கு அடியிலிருந்து போல்ட்டுகளை முதலில் கையால் மட்டும் ஏற்றி, ஆறு ரெயிலும் நேர்கோட்டில் நிற்கிறதா என்று பார்த்துவிட்டு, ஒவ்வொன்றிலும் நடு போல்ட், பிறகு ஓரங்கள் என்று ஒரே அளவில் முறுக்குவேன். அப்புறம் ஒரு பந்தை எடுத்து, ஒவ்வொரு ரெயிலிலும் நடுவிலும் இரு முனையிலும் நேராக அடித்துக் காதால் கேட்பேன். ஒரே சத்தம் வர வேண்டும். ஓரிடத்தில் மந்தமாக ஒலித்தால் பெரும்பாலும் அங்கே போல்ட் தளர்ந்திருக்கும், துணியைக் குறை சொல்ல வேண்டாம். எல்லாம் சரி என்றால் மீந்த துணியைச் சுருட்டி மேசைக்காரரிடம் கொடுத்துவிடுவேன். பாக்கெட் முனை ஏதாவது சீக்கிரம் கிழிந்தால் அதே சுருளின் துணியால் அந்த ஒரு ரெயிலை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். அப்போதும் என்னையே கூப்பிடச் சொல்லிவிட்டுத்தான் வருவேன்.