பெயிண்ட் அடுத்த வருஷம்

என்னிடம் இருப்பது 1991 மாடல் மஹிந்திரா எம்எம் 540 ஜீப். தேனி தனி மாவட்டம் ஆவதற்கு முந்தைய வண்டி என்பதால் நம்பர் இன்னும் மதுரை நம்பர்தான். வீடு போடியில். போடிமெட்டைத் தாண்டிக் கேரளப் பக்கம் கொஞ்சம் ஏலத்தோட்டம். நடுவில் 17 கொண்டை ஊசி வளைவுகள், அப்புறம் தார் பார்க்காத எஸ்டேட் பாதை. அந்தக் கடைசிப் பாதை இல்லாவிட்டால் இந்த வண்டியே எனக்குத் தேவையில்லை.

2019 ஆகஸ்டில் இடுக்கி மாவட்டப் புற்றடியில் நடக்கும் ஏலத்தில் ஏலக்காய் கிலோ 7,000 ரூபாயைத் தொட்டது. எங்கள் பக்கம் சிலர் அந்தச் சூட்டிலேயே புது வண்டி எடுத்தார்கள். 2022இல் அதே காய் 1,000 ரூபாய்க்கும் கீழே போனது. இப்படி ஏறி இறங்கும் காசை நம்பிப் பழைய ஜீப் வைத்திருப்பவன் தினமும் போடும் கணக்கு ஒன்றுதான்: எந்தச் செலவைத் தள்ளிப்போடலாம், எதைத் தள்ளிப்போட்டால் அது வட்டியோடு வரும்?

தள்ளிப்போடக்கூடியதை முதலில் சொல்லிவிடுகிறேன். பெயிண்ட், டிங்கரிங், சீட் கவர், ஹூட் துணி, ஸ்பீடாமீட்டர். என் ஸ்பீடாமீட்டர் முள் தூங்கிப் பல வருஷம் ஆகிறது. இந்த வண்டியில் அதிவேகம் போய் மாட்டிக்கொண்டேன் என்று சொன்னால் போலீஸ்காரரே சிரிப்பார்.

தள்ளக் கூடாததில் முதலிடம் பிரேக்குக்கு. நாலு சக்கரத்திலும் டிரம் பிரேக். வீல் சிலிண்டருக்குள் இருக்கும் ரப்பர் கிட் சில நூறு ரூபாய்தான். அது கசிந்து, டிரம்மை அழுத்திப் பிடிக்கும் லைனரை நனைத்தால் வண்டி ஒரு பக்கம் இழுக்கும், கொண்டை ஊசி வளைவில் அந்த இழுப்பு எங்கே கொண்டுபோய் விடும் என்று சொல்ல வேண்டியதில்லை. பிரேக் ஆயில் காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சும். மலையில் ஏறி இறங்குகிற வண்டிக்கு மழைக்காலம் முடிந்ததும் பழையதை முழுக்க வெளியே எடுத்துவிட்டுப் புதிதாக ஊற்றுவது நல்லது. அடுத்து கிரீஸ். ஏபி3 கிரீஸ் ஒரு டப்பாவும் ஒரு கிரீஸ் கன்னும் வீட்டில் இருந்தால் பாதி ஒர்க்‌ஷாப் செலவு மிச்சம். ஷாஃப்ட் முனையிலிருக்கும் ஜாயின்ட் கிராஸ், பட்டையைத் தாங்கும் ஷேக்கிள், ஸ்டியரிங் முட்டுகள் எல்லாவற்றிலும் கிரீஸ் அடிக்கிற நிப்பிள் இருக்கிறது. புதுக் கார்களில் இந்த வசதியே கிடையாது, தேய்ந்தால் மாற்ற வேண்டியதுதான்.

ஸ்டியரிங் ஆட்டத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பழைய ஜீப்காரர்களிடம் அதிகம் காசு பறிபோகிற இடம் அது. வேகம் ஐம்பதைத் தொட்டதும் முன்சக்கரம் இரண்டும் தலைவிரித்து ஆடத் தொடங்கும். ஸ்டியரிங்கைப் பிடித்திருக்கிற கை தோள்வரை நடுங்கும். ஒரு ஒர்க்‌ஷாப்பில் வண்டியைத் தூக்கிக்கூடப் பார்க்காமல் ஸ்டியரிங் பாக்ஸ் போய்விட்டது, மாற்ற வேண்டும் என்று எஸ்டிமேட் எழுதிக் கொடுத்தார்கள். எழுதிய தொகைக்கு அந்த வருஷம் உரமே வாங்கியிருக்கலாம். நான் வழக்கமாகப் போகும் மெக்கானிக் பாய் ஜாக்கி போட்டு முன்சக்கரத்தைத் தரையிலிருந்து எடுத்தார். மேலே ஒரு கை, கீழே ஒரு கை வைத்து ஆட்டினார். லொடக் லொடக்கென்றது.

“தம்பி, ஏறிப் பிரேக்கை மிதி.”

மிதித்தேன். மறுபடி ஆட்டினார். ஆட்டம் அப்படியே இருந்தது.

“பேரிங்கா இருந்தா இப்ப நின்னிருக்கும். இது கிங் பின்.”

பிரேக்கை மிதித்தால் டிரம்மும் லைனரும் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும், ஹப் பேரிங்கில் இருக்கும் லூஸ் தெரியாமல் போகும். அப்போதும் ஆடினால் அதற்கு உள்ளே, சக்கரம் திரும்புவதற்கு அச்சாக இருக்கும் கிங் பின்னில்தான் தேய்மானம். கிங் பின் பேரிங்கை மாற்றி, மெல்லிய ஷிம் தகடுகளைக் கூட்டிக் குறைத்து இறுக்கம் வைத்தார். முன்சக்கரம் இரண்டையும் சேர்த்துத் திருப்பும் டை ராட்டின் முனைகளையும் மாற்றினோம். ஸ்டியரிங் பாக்ஸ் இன்றும் பழையதுதான். இந்தச் சோதனைக்கு ஜாக்கியும் கூட ஒரு ஆளும் போதும்.

அடுத்த பெரிய செலவு ஃபோர் வீலைத் தப்பாகப் போடுவதால் வருவது. ஃபோர் வீல் போட்டால், கியர்பாக்ஸுக்குப் பின்னால் இருக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸ் என்கிற பெட்டி இந்த ஜீப்பில் முன்பக்க ஷாஃப்டையும் பின்பக்க ஷாஃப்டையும் ஒன்றாகப் பூட்டிவிடும். திரும்பும்போது முன்சக்கரம் பின்சக்கரத்தைவிட அதிகத் தூரம் ஓட வேண்டும். சேற்றில் டயர் லேசாக வழுக்கி அந்த வித்தியாசத்தைத் தீர்த்துக்கொள்ளும். தாரில் வழுக்காது, அந்த முறுக்கு முழுதும் கிராஸிலும் பல்சக்கரத்திலும் ஏறும். அப்புறம் லீவர் வெளியே வராது. அந்த நேரத்தில் லீவரோடு மல்லுக்கட்டாமல் கொஞ்சம் ரிவர்ஸ் எடுத்தால் முறுக்கு கழன்று தானே விடும். மழை பெய்கிறது என்று போடிமெட்டுத் தார் ரோட்டிலேயே ஃபோர் வீல் போட்டு வருகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். எஸ்டேட் கேட் வரும்வரை நான் அந்த லீவரைத் தொடுவதில்லை. திரும்ப இறங்கும்போது அந்தப் பாதையில் ஃபோர் வீல் லோ கியர். அது வேகத்தை 2.46 மடங்கு குறைத்துக் கொடுக்கும். இன்ஜினே வண்டியைப் பிடித்து இறக்கும், பிரேக்குக்கு வேலை குறைவு.

இன்ஜின் பெஜோ எக்ஸ்டிபி, 2,112 சிசி டீசல். சத்தம் அதிகம், இழுவை சுமார், ஆனால் பொறுமைசாலி. ஸ்டார்ட் ஆக, உள்ளே சூடேற்றிக் கொடுக்கும் ஹீட்டர் பிளக் இதற்கு வேண்டும். டிசம்பர் காலையில் மேலே தோட்டத்தில் ஸ்டார்ட் ஆகவில்லை என்றால் எல்லோரும் பேட்டரியைக் குறை சொல்வார்கள். பேட்டரி வாங்கும் முன் பிளக்கைப் பார்க்க வேண்டும். பிளக்குக்கு வரும் வயரைக் கழற்றிவிட்டு, பேட்டரி பாசிட்டிவிலிருந்து ஒரு பல்பு வழியாகப் பிளக்கின் தலையில் வயரைத் தொட்டால், பல்பு எரிகிற பிளக் உயிரோடு இருக்கிறது, எரியாதது செத்தது. நாலில் ஒன்று செத்தாலே குளிரில் முனகும், இரண்டு போனால் தள்ளுவதற்கு ஆள் தேட வேண்டும்.

“இதைக் கழட்டிப் போட்டுட்டு டிஐ இன்ஜின் ஏத்துங்க, மைலேஜ் கூடும், பிளக் தொல்லையும் இல்ல” என்பார்கள். உண்மைதான். மஹிந்திராவின் சொந்த டிஐ (டைரக்ட் இன்ஜெக்‌ஷன்) இன்ஜின் வைத்த ஜீப்புகள் மலையில் நன்றாகவே ஓடுகின்றன. ஆனால் ஆர்சியில் இன்ஜின் நம்பரை மாற்ற வேண்டும், மவுன்டிங் மாற்ற வேண்டும், ஒன்றைத் தொட்டால் இன்னொன்று வரும். வாரத்தில் இரண்டு மூன்று தடவை மலை ஏறும் எனக்கு, மிச்சமாகும் டீசலில் அந்தச் செலவு திரும்பி வர ரொம்ப வருஷமாகும்.

டயருக்கும் ஒரு குறுக்கு வழி சொல்வார்கள். ஜீப்பின் 6.00-16 அளவிலேயே டிராக்டர் முன்சக்கர டயர் கிடைக்கும். ரிம்மில் உட்காரவும் செய்யும். ஆனால் அது டிராக்டர் போகிற வேகத்துக்கு, நேராக உழவுசாலில் ஓடுவதற்குச் செய்தது. ரோட்டில் ஓடும் ஜீப்புக்கு அது வேண்டாம், மலை ரோட்டுக்குச் சுத்தமாக வேண்டாம்.

பின்பக்கத் தளம் என் தலைவலி. ஏலச் செடிக்குப் பூஞ்சை மருந்தாகப் போர்டோ கலவை அடிக்கிறோம். அதிலிருக்கும் மயில்துத்தம் சிந்தினால் இரும்பைத் தின்றுவிடும். உர மூட்டையின் உப்பும் சேர்ந்தால் தகடு அப்பளம்தான். இரண்டு தடவை தகடு வெட்டி ஒட்டியாகிவிட்டது. இப்போது ரப்பர் பாய் விரித்து, மருந்து ஏற்றிய அன்றே தண்ணீர் விட்டுக் கழுவுகிறேன். சேஸிஸ் அடியில் கழிவு ஆயில் பூசுவது எஸ்டேட் பழக்கம். பார்க்க அசிங்கமாக இருந்தாலும் துரு அண்டாது. பட்டை செட் (ஸ்பிரிங் பட்டைகள்) ஆக்சிலோடு சேரும் இடத்தில் இருக்கும் யூ போல்ட்டை அவ்வப்போது இறுக்கிவிட வேண்டும். லூசானால் நடுவிலிருக்கும் சென்டர் போல்ட் முறிந்து ஆக்சிலே நகர்ந்துவிடும்.

இந்த வருஷம் ஆர்சி புதுப்பிக்க வேண்டும். 2021இல் கட்டணம் 600 ரூபாய். 2022 ஏப்ரலில் அது 5,000 ஆனது. 2025 ஆகஸ்டில் 20 வயது தாண்டிய கார், ஜீப்புகளுக்கு 10,000 ஆக்கிவிட்டார்கள். பசுமை வரி தனி. பழைய வண்டியை ரோட்டிலிருந்து எடுக்கச் சொல்கிறார்கள், புரிகிறது. மேலே எஸ்டேட் பாதையில் எந்தப் புது வண்டியை ஏற்றுவது என்று யாரும் சொல்லவில்லை, அதன் விலையில் எனக்கு யார் கடன் கொடுப்பார்கள் என்றும் தெரியவில்லை.

அதற்கு முன்னால் கைப்பிரேக். இந்த ஜீப்பில் அது சக்கரத்தில் இல்லை, டிரான்ஸ்ஃபர் கேஸின் பின்னால் ஷாஃப்டோடு சேர்ந்த டிரம்மில் இருக்கிறது. அங்கே ஆயில் சீல் கசிந்தால் லைனர் ஆயிலில் குளித்துவிடும், கைப்பிரேக் இழுத்தும் வண்டி நகரும். லைனரை மட்டும் மாற்றினால் கொஞ்ச நாளில் மறுபடி அதே கதை. சீல் வாங்கி வைத்துவிட்டேன். பாய் சனிக்கிழமை காலையில் வண்டியைக் கொண்டுவரச் சொல்லியிருக்கிறார்.