கல்லுல போட்டோ ஏத்தப் போயி மூணு நாள் மலை ஏறி இறங்குன கதை

ஏற்காட்டுல ஃப்ரெண்ட் வீட்டு ஷெட்ல ஒரு பழைய லித்தோ கல்லு (மேல படம் வரைஞ்சு, மை உருட்டி, பேப்பர்ல அச்செடுக்குற கல்லு) கெடந்துச்சு, ஜெர்மனி சோல்ன்ஹோஃபன் கல்லு, 25 கிலோ வரும். வரைஞ்சு பிரிண்ட் எடுக்குறது பழக்கம்தான், இந்த தடவ போட்டோ ஏத்திப் பாப்போம்னு முட்டை வெள்ளைக்கருவுல அம்மோனியம் டைக்ரோமேட்ங்கிற கெமிக்கல் கலந்து பூசுற முறைய எடுத்தேன், பிரான்சுல புவாத்வான்ங்கிறவரு 1855லயே பேட்டன்ட் வாங்குன சமாச்சாரம். கல்லத் தேச்சு கிரெயின் (லேசான சொரசொரப்பு) போட்டது, பூசுனது எல்லாம் சுலபமாத்தான் போச்சு (மஞ்சக்கரு ஆம்லெட்டாச்சு).

போட்டோவ ஃபிலிம்ல எடுத்து கல்லு மேல வச்சு வெயில் காட்டணும், அந்த ஃபிலிம்தான் உயிர எடுத்துச்சு. சேலத்துல அஞ்சு ஆஃப்செட் கடை, எல்லாரும் கம்ப்யூட்டர்ல இருந்து நேரா அச்சு பிளேட்டுக்குப் போயிட்டாங்க, "ஃபிலிமா, அதெல்லாம் நிறுத்தி எவ்ளோ நாளாச்சு தம்பி"ங்கிறாங்க. ஆறாவது கடைல கெடச்சுது, "நெகட்டிவ்ங்ணா, நெகட்டிவ்"னு ரெண்டு தடவ சொன்னேன், சரி சரின்னு சுருட்டிக் குடுத்தாரு, நானும் மடையன் மாதிரி பிரிச்சுப் பாக்காம 20 கொண்டை ஊசியும் ஏறிப் போயி கல்லுல பூசிக் காய வச்சு ஃபிலிம எடுத்தா பாசிட்டிவ்! கடைக்காரருக்கு பாசிட்டிவ் பிளேட்டு போட்டே பழகுன கை. இந்த முறைல வெளிச்சம் பட்ட எடம்தான் கெட்டியாகி மையப் பிடிக்கும், படாத எடம் தண்ணில கரைஞ்சுரும், அத வச்சிருந்தா கருப்பு வெள்ளையா வெள்ளை கருப்பா வந்துருக்கும்.

மறுநாள் நெகட்டிவோட வந்தேன், கடை வாசல்லயே லைட்ல பிடிச்சுப் பாத்துட்டுத்தான் பஸ் ஏறுனேன். கல்லுதான் இருட்டுலயே இருக்கேன்னு நேத்து பூசுனதுலயே வெயில் காட்டி மை உருட்டிக் கழுவுனா ஒண்ணுமே கரையல, முழுக் கல்லும் கருப்பு. டைக்ரோமேட் பூச்சு இருட்டுலயும் தானா கெட்டியாகுமாம், ஈரக்காத்துல இன்னும் சீக்கிரம். பூசுனா அன்னிக்கே முடிச்சுருங்க. திரும்ப முதல்ல இருந்து தேய்ப்பு.

மூணாவது நாள் பனிமூட்டம். மதியம் ஒரு மணி வரைக்கும் எதிர்வீடே தெரியல, அப்புறம் சுள்ளுன்னு அடிச்சுது பாருங்க, கண்ணாடி வச்சு அழுத்தி நாலே நிமிஷம். கழுவக் கழுவ மூஞ்சி தெளிஞ்சு வந்தப்ப கத்திட்டேன். அப்புறம் வெத்து எடத்துல மை ஒட்டாம இருக்க கோந்து போட்டு ஏழு பிரிண்ட், எல்லாம் சுத்தம்.

கிளவுஸ் இல்லாம டைக்ரோமேட்டத் தொடாதீங்க, கேன்சர் வர்ற சாமான். கழுவுன தண்ணியக் காப்பிச் செடிக்கு ஊத்தப் போனான் ஃப்ரெண்டு, பிடுங்கி கேன்ல அடைச்சு வச்சிருக்கேன்.

கல்ல சேலத்துக்கு எறக்கணும், கார் வச்சிருக்கவங்க யாராச்சும் அந்தப் பக்கம் போனா சொல்லுங்க.