வடக்கே வாத்தியார் வயல்

"வடக்கே வாத்தியார் வயல், கிழக்கே வாய்க்கால்" என்று அப்பா எல்லை சொல்லச் சொல்ல, பத்திர எழுத்தர் பேனாவை நிறுத்திவிட்டார். "எந்த வாத்தியாருங்கய்யா? சர்வே நம்பர் சொல்லுங்க."

வாத்தியார் போய்ச் சேர்ந்து எவ்வளவோ காலமாச்சு, வயலும் கைமாறிவிட்டது, ஆனால் அப்பாவுக்கு வடக்கு என்றால் இன்னும் அவர்தான்.

திருவையாறில் இன்று அப்பாவின் முதல் உயில். கொஞ்சம் நன்செய், ஒரு வீடு. போர் மோட்டாரையும் தனியாக எழுதச் சொன்னார், குறுவைக்கு அதை நம்பித்தானே!

உயிலுக்கு முத்திரைத்தாள் வேண்டாம், வெள்ளைத்தாளே போதும், பதிவும் கட்டாயமில்லை. ஆனால் 1925 வாரிசுரிமைச் சட்டப்படி குறைந்தது இரண்டு சாட்சிகள் கையெழுத்துப் போட்டே ஆகணும். மனசு மாறினால் திரும்ப எழுதலாம், கடைசியாக எழுதியதுதான் செல்லும்.

இதைக் கேட்டதும் அப்பாவுக்கு ஒரு தெம்பு. "அப்ப சரி, இவன் ஒழுங்கா இருக்கானான்னு பார்ப்போம்" என்று என்னைக் காட்டுகிறார்.

நம்ம பக்கம் உயில் என்றாலே அபசகுனம் மாதிரி பேச்சை மாற்றுவார்கள். அப்புறம் ஒரு வரப்புக்காக அண்ணனும் தம்பியும் கோர்ட்டுக்கு நடையாய் நடப்பார்கள்.

அக்காவுக்குச் சரிபாதி என்று அப்பா சொன்னபோது எழுத்தர் என் முகத்தைத்தான் பார்த்தார்.

அதென்ன, என்னைப் பார்ப்பது?