அம்மம்மாவின் றங்குப்பெட்டியும் இலண்டனின் பழைய உடுப்புகளும்

யாழ்ப்பாணத்தில் அம்மம்மா வேப்பிலை இட்டு றங்குப்பெட்டியில் காத்துவந்த கூறைச்சேலையைத் தொட்டு வளர்ந்த எனக்கு, இலண்டனில் படிக்க வந்தபின், நன்கொடையாக வந்த பழைய பொருள்களை விற்கும் சாரிட்டி கடைகளில் பழைய கம்பளிச் சட்டைகளைத் தேடுவது அந்நியமாகத் தோன்றவில்லை. புதிதாக ஒரு பருத்திச் சட்டை செய்ய, பருத்தி விளைவது முதல், ஏறத்தாழ 2,700 லீற்றர் நீர் செலவாகிறது எனக் கணக்கிடுகிறார்கள். சுண்ணாம்புக்கல்லுக்குள் தேங்கும் கிணற்று நீரையே நம்பி வாழும் எங்கள் ஊரவருக்கு அது வெறும் எண்ணன்று.

வாங்குமுன் உடுப்பை உட்புறம் திருப்பி, தையலோரத்தில் விட்டிருக்கும் துணியின் அகலத்தையும் அக்குளின் நைவையும் பூச்சி அரித்த துளைகளையும் வெளிச்சத்தில் பார்க்கிறேன். பழைய அளவுச்சீட்டின் இலக்கம் இன்றைய அளவோடு பொருந்துவதில்லை என்பதால், அளவுநாடா எப்போதும் பையில் இருக்கும். மலிவுக்காக மட்டும் வாங்கிய இரண்டு சட்டைகள் அணியப்படாமலே கிடக்கின்றன. அது எனக்கு வருத்தமே. விடுமுறையில் அவற்றை ஊருக்குக் கொண்டுசென்று, தைக்கும் அக்காவிடம் அளவு குறைத்துத் தரச் சொல்வேன்.