விமர்சகர்கள் சாத்திய ஒரு படம்

2024 டிசம்பரில் வந்த 'ஒய்டூகே' படத்தை ஒருவழியாகப் பார்த்தாச்சு. 1999 டிசம்பர் 31 ராத்திரி ஸ்கூல் பசங்க பார்ட்டியில் ஆடிக்கொண்டிருக்க, மணி பன்னிரண்டு ஆனதும் வீட்டு மெஷின்கள் எல்லாம் உயிர்பெற்று ஆளைக் கொல்லக் கிளம்பிவிடும். கைல் மூனிக்கு இயக்குநராக முதல் படம். பழைய சாமானைப் பரப்பி வைத்தால் கதை ஆகிவிடுமா என்ற ரீதியில் பல விமர்சகர்கள் சாத்தினார்கள். பாதி சரிதான், ஜூலியன் டென்னிசன் இருக்கும்வரை சிரிப்பு தானாக வருகிறது, அப்புறம் படம் படுத்துவிடுகிறது. லிம்ப் பிஸ்கிட் என்ற ராக் பேண்டின் பாடகர் ஃப்ரெட் டர்ஸ்ட், ஃப்ரெட் டர்ஸ்டாகவே வருவதற்கு அமெரிக்காவில் விசில் பறந்திருக்கலாம், மன்னார்குடியில் உட்கார்ந்திருக்கிற எனக்கு அவர் தொப்பி போட்ட யாரோ ஒருத்தர்.

ஆனால் அந்தக் குண்டு மானிட்டரைப் பார்த்ததும் மேலராஜவீதிப் பக்கம் இருந்த பிரவுசிங் சென்டர் ஞாபகம் வந்துவிட்டது, பிளைவுட் தடுப்பு, எழுத்து அழிந்துபோன கீபோர்டு, வாசலில் குவிந்து கிடக்கும் செருப்பு.

என் குறை வேறு. நிஜ ஒய்டூகே என்பது பழைய கணினி புரோகிராம்களில் வருஷத்தை இரண்டே இலக்கத்தில் எழுதி வைத்ததால் வந்த வினை, 2000 பிறந்ததும் கணினி அதை 1900 என்று நினைத்துக் குழம்பிவிடுமோ என்ற பயம். அந்த கோபால் புரோகிராம்களைத் திருத்தப்போய்த்தான் இந்திய மென்பொருள் கம்பெனிகளுக்கு அமெரிக்காவில் வாசல் அகலமாகத் திறந்தது. எவ்வளவு நல்ல காமெடி அதில் இருக்கிறது! படம் அந்தப் பக்கமே போகவில்லை. (கோபால் என்பது கணினி மொழி, பக்கத்து வீட்டு கோபால் இல்லை.)

முதல் அரை மணி நேரம் பாருங்கள். மிச்சத்தை ஓடவிட்டு தோசை சுடலாம்.