மரம், வந்தேன், வந்தான்

"தெஸூ!" என்றேன். வகுப்பில் இருந்த 42 பேனாக்களில் பாதி மேசைக்கு மேலே வந்தன, மீதி மேசைக்கு அடியில் போயின. பிள்ளைகள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். யார் வைத்தது சரி என்று ஒருவருக்கும் தெரியவில்லை.

பிரெஞ்சில் இந்த 'தெஸூ' இரண்டு உண்டு. ஒன்றுக்கு 'மேலே' என்று பொருள், இன்னொன்றுக்குக் 'கீழே'. தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்றுதான், காதில் விழும்போதுதான் வேறு. 'கீழே' என்ற சொல்லில் வருவது நம்முடைய ஊ. 'மேலே' என்பதில் வருவது நம்மிடம் இல்லாத ஒலி. நாக்கை ஈ சொல்லும் இடத்திலேயே விட்டுவிட்டு, உதட்டை மட்டும் ஊவுக்குக் குவிக்க வேண்டும். இதைப் பலகையில் எழுதி விளக்கினால் எல்லாரும் தலையாட்டுவார்கள், மறுநாள் போய்விடும். பேனாவைக் கையில் எடுக்கச் சொன்னால் யாருக்கு எது கேட்கிறது என்பது அந்த நொடியே தெரிந்துவிடுகிறது. ஜூன் மாதத்தில் பாதிப் பேனாக்கள் தவறான இடத்தில் இருக்கும். தினமும் இரண்டே நிமிடம் இதைச் செய்தால், காலாண்டுத் தேர்வு வருவதற்குள் நாலைந்து பேனாக்கள்தான் தடுமாறும். அதுவரை யாரையும் அந்த ஒலியைச் சொல்லச் சொல்ல மாட்டேன். கேட்டுப் பிரிக்கத் தெரிந்த பிறகுதான் வாயைத் திறக்கச் சொல்வேன்.

நான் பாண்டிச்சேரிக்காரி. கடலூரில் ஒரு தனியார் பள்ளியில் பிளஸ் ஒன், பிளஸ் டூ பிள்ளைகளுக்கு பிரெஞ்சு எடுக்கிறேன். பதினான்கு வருடமாகத் தினமும் போக 22 கிலோமீட்டர், வர 22 கிலோமீட்டர், பஸ்ஸில். என்னிடம் வருகிறவர்கள் பத்தாவது வரை தமிழ் படித்துவிட்டு, பிளஸ் ஒன்னில் அதற்குப் பதிலாக பிரெஞ்சை எடுத்தவர்கள். மார்க் வரும் என்றுதான் எடுக்கிறார்கள், இது ஊருக்கே தெரிந்த விஷயம். அதற்காக நான் அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். பதினாறு வயதில் வீட்டில் எவ்வளவு நெருக்கடி இருக்கிறது என்று எனக்குத் தெரியும்.

ஆனால் சில வருடங்களுக்கு முன் ஒரு மாணவி திங்கட்கிழமை காலையில் கண் கலங்கி வந்து நின்றாள். வகுப்பிலேயே அதிக மார்க் வாங்குகிறவள். முந்தின நாள் வீட்டாரோடு பாண்டி பீச் ரோட்டுக்குப் போயிருக்கிறாள். அங்கே ஒரு பிரெஞ்சு அம்மா ஏதோ வழி கேட்டிருக்கிறார். அப்பா பெருமையாக, "என் பொண்ணு பிரெஞ்சு படிக்குது, அவ சொல்லுவா" என்று இவளை முன்னால் நிறுத்திவிட்டார். "ஒரு வார்த்தைகூடப் புரியல மிஸ். அதையே எழுதிக் காட்டியிருந்தா எல்லாம் சொல்லியிருப்பேன்" என்றாள். அதுதான் என்னைத் தூங்கவிடவில்லை. அவள் பொய் சொல்லவில்லை, எழுதிக் காட்டியிருந்தால் நிச்சயமாகச் சொல்லியிருப்பாள். அதுவரை என் வகுப்பில் அவள் பிரெஞ்சைப் பார்த்துத்தான் இருந்தாள், கேட்டதே இல்லை. தவறு என்னுடையது.

அதற்குப் பிறகுதான் பாடம் எடுக்கும் முறையையே மாற்றினேன். முதல் மூன்று வாரம் புத்தகம் திறப்பதில்லை. எழுத்தைப் பார்த்துவிட்டால் பிள்ளைகள் அதை ஆங்கிலமாகப் படித்துவிடுகிறார்கள், அப்புறம் அந்த உச்சரிப்பைக் கழற்றுவது பெரும்பாடு. 'நான் பேசுகிறேன், நீ பேசுகிறாய், அவர்கள் பேசுகிறார்கள்' என்ற மூன்றுக்கும் பிரெஞ்சில் வினைச்சொல்லின் எழுத்து வேறு வேறு, ஒலி மட்டும் ஒன்றே: 'பார்ல்'. கடைசி எழுத்துகளெல்லாம் ஊமை. புத்தகத்தில் முதலில் பார்த்த பிள்ளை 'பார்லென்ட்' என்றுதான் சொல்லும், காதால் முதலில் கேட்ட பிள்ளை அப்படிச் சொல்லாது.

மேசைக்கான சொல் ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் ஒரே எழுத்துக்கூட்டல்தான். ஆங்கிலத்தில் 'டேபிள்', பிரெஞ்சில் 'தாப்ல்'. அந்தத் த நம்முடைய த, பல்லில் நாக்கு படுகிற அதே த. ப, க இரண்டும் அப்படித்தான், ஆங்கிலத்தில் சொல்வதுபோல் காற்றை ஊதித் தள்ளத் தேவையில்லை. தாளை வாய்க்கு நேராகப் பிடித்துக்கொண்டு 'பாப்பா' என்று சொல்லச் சொல்வேன். தாள் அசையாது. பிரெஞ்சிலும் அப்பாவுக்கு 'பாப்பா' என்றுதான் சொல்வார்கள், அதே போலத் தாள் அசையாமல். ஆங்கிலத்தின் வழியாக பிரெஞ்சுக்குப் போவது நமக்குச் சுற்று வழி. நேர் வழி தமிழில் இருக்கிறது. இதை எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை, பிள்ளைகளின் வாயைப் பார்த்துப் பார்த்துத்தான் கற்றுக்கொண்டேன்.

அப்படிக் கண்டுகொண்டவற்றில் எனக்கு மிகவும் பிடித்தது மூக்கொலிகள். பிரெஞ்சில் மிகக் கஷ்டம் என்று எல்லாரும் பயப்படுவது இதைத்தான். நான் முதல் நாளே பலகையில் மூன்று தமிழ்ச் சொற்களை எழுதுவேன்: மரம், வந்தேன், வந்தான். "செய்தி வாசிக்கிற மாதிரி இல்லாமல், வீட்டில் அம்மாவிடம் பேசுகிற மாதிரி சொல்லுங்கள்" என்பேன். நீங்களும் சொல்லிப் பாருங்கள். 'மரம்' என்பதில் கடைசியில் உதடு ஒட்டுகிறதா? ஒட்டாது. 'மரோ' என்பதுபோல் வந்து, ஓசை மூக்கு வழியாகப் போய்விடும். 'வந்தேன்' என்பதில் ன் எங்கே? நாக்கு மேலே தொடுவதே இல்லை, ஏ மட்டும் மூக்கில் ஒலிக்கிறது. 'வந்தான்' என்பதில் ஆ மூக்கில் ஒலிக்கிறது. பிரெஞ்சின் முக்கியமான மூன்று மூக்கொலிகளும் இவற்றுக்கு மிக அருகில்தான் இருக்கின்றன. மிட்டாய்க்கு 'போன்போன்', அதில் மரத்தின் முடிவு இரண்டு தடவை. ரொட்டிக்கு 'பேன்', அது வந்தேன். குழந்தைக்கு 'ஆன்ஃபான்', அது வந்தான், வந்தான். இந்தப் பதிவில் நான் பிரெஞ்சுச் சொற்களில் ன் போட்டிருக்கும் இடங்களை எல்லாம் வீட்டுத் தமிழில் படித்துக்கொள்ளுங்கள்.

பிள்ளைகளின் முகம் மாறுவதை நான் பார்க்கும் நாள் அது. பிறந்ததிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிற ஒலி, எழுத்தில் இல்லாததால் தன்னிடம் இருப்பதே தெரியாமல் இருந்த ஒலி.

இதே வீட்டுத் தமிழ்தான் இன்னொரு இடத்திலும் கைகொடுக்கிறது. புத்தகத்தில் 'எனக்குத் தெரியவில்லை' என்பதற்கு 'ஜெ ந ஸே பா' என்று இருக்கும். தெருவில் யாரும் அப்படிச் சொல்வதில்லை, 'ஷே பா' என்று முடிந்துவிடும். முதன்முதலாகக் கேட்கிறவர்களுக்கு இது வேறு மொழியாகவே படும். நான் பலகையின் ஒரு பக்கம் 'எனக்குத் தெரியவில்லை' என்றும் மறுபக்கம் 'எனக்குத் தெரில' என்றும் எழுதிவிட்டுப் பேசாமல் நிற்பேன். வேறு விளக்கம் தேவைப்படுவதில்லை. எழுதுவது ஒன்று, பேசுவது ஒன்று என்ற வாழ்க்கை நம் பிள்ளைகளுக்குப் புதிதா? புணர்ச்சியும் அப்படித்தான். நாள், இதழ் சேர்ந்து நாளிதழ் ஆகிறது. 'இல்', 'ஏம்' சேர்ந்து 'இலேம்' ஆகிறது, 'அவன் விரும்புகிறான்' என்று பொருள். நீ, நீங்கள் வேறுபாட்டுக்கு ஒரு நிமிடம்கூடச் செலவழிப்பதில்லை. யாரை 'தூ' என்பது, யாரை 'வூ' என்பது என்று அவர்களே சரியாகச் சொல்லிவிடுகிறார்கள்.

தமிழ் கைகொடுக்காத இடமும் உண்டு. எங்கள் வகுப்பில் சில பிள்ளைகளின் வீட்டார் துறைமுகத்தில் மீன் தொழிலில் இருக்கிறார்கள். மீனுக்கு 'புவாஸோன்'. நடுவில் வருவது வெறும் ஸ். அதே இடத்தில் தொண்டை அதிர்கிற ஸ் வந்துவிட்டால் அது விஷம் ஆகிவிடும். தமிழ் எழுத்தில் இரண்டுக்கும் வித்தியாசம் காட்ட முடியாது, ஆங்கிலத்தில்கூட நாம் 'ஜீரோ' என்று சொல்லித் தப்பித்துவிடுகிறோம். இதற்கு என்னிடம் இருப்பது ஒரே வழி. இரண்டு விரலைத் தொண்டையில் வைக்கச் சொல்வேன். பாம்பு மாதிரி சீறு, விரலில் ஒன்றும் தெரியாது. இப்போது தேனீ மாதிரி, விரல் அதிரும். பாம்பு என்றால் மீன், தேனீ என்றால் விஷம். ஒரு மாணவன், அவன் அப்பாவுக்குச் சொந்தமாகப் படகு இருக்கிறது, இரண்டு வாரம் தொண்டையில் விரல் வைத்துக்கொண்டே வகுப்பில் உட்கார்ந்திருந்தான். தன் வீட்டுத் தொழிலைச் சொல்லும்போது அந்தச் சொல் பிசகக் கூடாது என்று அவனுக்கு. எனக்கு அவன் மேல் தனி மரியாதை வந்தது அப்போதுதான்.

எண்களுக்கு நீண்ட பயிற்சி வேண்டும். 97 என்பதை 'நாலு இருபது, பதினேழு' என்று சொல்கிற மொழி அது. பிரான்சில் தொலைபேசி எண்ணை இரண்டிரண்டு இலக்கமாகத்தான் சொல்வார்கள். 'நாலு இருபது' என்று கேட்டதும் 80 என்று எழுதிவிட்டால் அடுத்து வருவது கவிழ்த்துவிடும். வாரம் இரண்டு நாள், வகுப்புக்குள் நுழைந்ததும் ஐந்து எண்கள் சொல்வேன். அவ்வளவுதான்.

ஒலிப்பதிவு கேட்க வைப்பதில் நான் கண்டிப்பாக இருக்கும் விஷயம் ஒன்று உண்டு. முதல் தடவை கேட்கும்போது யாரும் பேனாவைத் தொடக் கூடாது. எத்தனை பேர் பேசுகிறார்கள், கோபமா சந்தோஷமா, வீட்டிலா ரயில் நிலையத்திலா, இவ்வளவு சொன்னால் போதும். இரண்டாம் தடவை, தெரிந்த சொல் வரும்போது விரலை உயர்த்த வேண்டும். மூன்றாம் தடவைதான் கேள்விகள். விருப்பப்பட்டு பாண்டி அலியான்ஸ் பிரான்சேஸ் மொழிப் பள்ளியில் டெல்ஃப் ஏ-1 என்ற தொடக்கநிலை பிரெஞ்சுத் தேர்வு எழுதுகிற பிள்ளைகளிடம் மட்டும், அங்கே இரண்டு தடவைதான் ஒலிக்கும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுவேன். அந்தத் தேர்வின் அமைப்பு எனக்குப் பிடித்தமானது. கேட்டல், படித்தல், எழுதுதல், பேசுதல் நான்குக்கும் சமமாக 25 மார்க். மொத்தம் 50 எடுத்தாலும், ஏதாவது ஒன்றில் 5க்குக் கீழே போனால் தேர்ச்சி இல்லை. எழுதியே தப்பித்துவிட முடியாது.

பேச வைப்பதுதான் பெரிய பாடு. 40 நிமிடப் பாடவேளையில் 42 பேர். ஒவ்வொருவராக எழுப்பிப் பேசச் சொன்னால் ஆளுக்கு ஒரு நிமிடம்கூட வராது, ஒருவர் பேசும்போது மற்ற 41 பேர் சும்மா இருப்பார்கள். அதனால் இரண்டிரண்டு பேராக முதுகோடு முதுகு ஒட்டி உட்காரச் சொல்லி, போனில் பேசுவதுபோல் பேச வைக்கிறேன். முகம் தெரியாது, சைகை செய்ய முடியாது. ஒருவரிடம் கடையின் விலைப் பட்டியல், இன்னொருவரிடம் வாங்க வேண்டிய சாமான் பட்டியல். கேட்டால்தான் தெரியும். பயங்கரச் சத்தம் வரும். பக்கத்து வகுப்பு ஆசிரியர் இரண்டு தடவை வந்து எட்டிப் பார்த்தார். மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன், ஆனால் நிறுத்தவில்லை. அந்தச் சத்தம் இல்லாமல் பேச்சு எப்படி வரும்?

ஞாயிற்றுக்கிழமை ஆளுக்கு ஒரு வாய்ஸ் மெசேஜ், முப்பது நொடி. காலையில் என்ன சாப்பிட்டாய், உன் தெருவில் என்ன இருக்கிறது, இந்த அளவுதான். எழுதி வைத்துப் படித்தால் எனக்குத் தெரிந்துவிடும், படிக்கிற குரல் ஒரே நேர்கோட்டில் ஓடும், யோசித்துப் பேசுகிற குரல் நின்று நின்று வரும். பின்னால் குக்கர் விசில், கோயில் ஸ்பீக்கர், தம்பியின் அழுகை எல்லாம் கேட்கும். ஒவ்வொருவருக்கும் நானும் குரலில்தான் பதில் அனுப்புவேன், ஒரே ஒரு திருத்தம் மட்டும் சொல்லி. பத்துத் தவறு இருந்தாலும் ஒன்றுதான். வகுப்பில் வாயே திறக்காத ஒரு பையன் மொட்டை மாடியிலிருந்து கிசுகிசுப்பாக அனுப்புவான். மூன்று மாதம் கழித்து ஒரு ஞாயிறு, அவன் குரல் சாதாரணமாக வந்தது. அதை நான் பஸ்ஸில் இரண்டு தடவை கேட்டேன்.

போன ஜனவரியில் பன்னிரண்டு பிள்ளைகளைப் பாண்டிக்கு அழைத்துப் போனேன். எங்கள் ஊரில் 'சொல்தா' என்று சொல்வோம், பிரெஞ்சுப் படையில் இருந்து ஓய்வு பெற்றவர்களை. 1962இல் பாண்டிச்சேரி சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்தபோது, பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்தெடுத்த குடும்பங்களில் பலர் அந்தப் படையில் சேர்ந்தார்கள். எனக்குத் தெரிந்த அப்படி ஒரு பெரியவர், பிள்ளைகளிடம் பேசச் சம்மதித்தார். போகும் வழியில் ஒரு தெருமுனையில் நீலப் பெயர்ப் பலகையைப் பார்த்து ஒருத்தி 'சஃப்ரென்' என்று படித்தாள். நான் திருத்தவில்லை.

பெரியவர் வாசலிலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். அந்த மொட்டை மாடிப் பையன்தான் முன்னால் நின்றான். அவர் மெதுவாக்கிப் பேசவில்லை. "தே தூ, துவா?" என்றார். நீ எந்த ஊர்ப்பா என்று கேட்கிறார், ஆனால் நான் அந்த வடிவத்தைச் சொல்லிக்கொடுத்ததே இல்லை. புத்தகத்தில் அது நான்கு சொல்லாக நீண்டு கிடக்கும். நான் வாயைத் திறப்பதற்குள் அவன் சிரித்துக்கொண்டே சொன்னான், "த கடலூர்." அழகான த.

"ஆ, கோன்த்லூர்!" என்றார் பெரியவர். கடலூருக்குப் பழைய பிரெஞ்சுப் பெயர் அது. மரத்தின் முடிவு அதில் இருக்கிறது, பிள்ளைகள் கண்ணாலேயே ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள். அப்புறம் அவர் 1783இல் உங்கள் ஊருக்கு எதிரே கடலில் பிரெஞ்சுக் கப்பல்களும் ஆங்கிலேயக் கப்பல்களும் மோதின கதையைச் சொல்ல ஆரம்பித்தார். நிறையப் புரியவில்லை. எண் புரிந்தது, கடல் புரிந்தது, கப்பல் புரிந்தது. பிரெஞ்சுத் தளபதியின் பெயர் திரும்பத் திரும்ப வந்தது: சுஃப்ரேன். முதலில் 'மேலே'யின் ஊ குறுகி வருகிறது, கடைசியில் வந்தேன்.

திரும்பி வரும்போது அந்தத் தெருமுனையில் அவர்களாகவே நின்றார்கள். காலையில் படித்தவள் பலகையைப் பார்த்து உதட்டைக் குவித்தாள், நாக்கை ஈயில் வைத்துக்கொண்டு.